நா அடங்கிய நொடி

மாலைக் கதிர் உயர்ந்த கண்ணாடிச் சாளரங்களின் வழியே சரிந்து அரங்கின் மரத்தரையில் நீண்டு கிடக்க, அடுக்கடுக்காய் உயர்ந்த இருக்கைகளில் நெருங்கி அமர்ந்த மக்கள் பேச்சொழிந்து நோக்க, நடுவே ஒடுங்கி நீண்ட களத்தின் இரு முனைகளிலும் வெண்ணுடை பூண்ட மங்கையர் இருவர், வலைக்கவசத்துள் முகம் மறைத்து வாளேந்தி நின்றனர். கற்றறிந்த நண்பரே, அவ்விருவரினும் மிகுதியாய் நடுங்கியவள், களத்தின் ஓரத்தில் கைகட்டி நின்ற பயிற்றுநரே.

இளமை முழுவதையும் வாட்போருக்கே ஈந்து, இறுதிச் சுற்றுவரை ஏறி ஏறி வெறுங்கையோடே இறங்கி வந்தவள் அவள். மணிக்கட்டு முறிந்து களம் நீங்கியபின், தன் கைக்கு எட்டாத பட்டத்தைத் தான் பயிற்றியவள் ஒருத்தியேனும் ஏந்தவேண்டும் என்பதே அவள் உயிர்மூச்சாயிற்று. வலப்புறம் நின்றவள் அவளுடைய தங்கை. இடப்புறம் நின்றவளோ குருவி எனச் செல்லப்பெயர் பெற்ற பழைய மாணவி, சிறுமியாய் வந்து அவளிடமே பயின்று வளர்ந்து, “உங்க குரல் இல்லாம எனக்குச் சண்டை போடவே வரலை. இப்படி உங்க குரலையே நம்பி நிக்கிறது எனக்கு வேணாம்” என்று கூறிப் பிரிந்து போனவள். அன்று பயிற்றுநர் வெளியே வீறாப்பாய் நின்று, வீட்டில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

பகைவர் பாய்ந்து வருகையில் பின்வாங்கும் கால் எந்த நொடியில் நின்று திருப்பித் தாக்கவேண்டுமோ, அந்த நொடியில் “நில்” என்று குரல் கொடுப்பது அவள் பயிற்றும் முறை. இந்த இறுதி ஆட்டத்தில் அவள் அவ்வாறு கூவியபோது தங்கையின் கால் நின்றது; பாய்ந்து வந்த குருவியின் காலும் நின்றது. பாய்ச்சல் அறுந்த குருவியைத் தங்கையின் வாள் தொட்டது. மீண்டும் கூவினாள், மீண்டும் அவ்வாறே நிகழ்ந்தது. பின்தங்கியிருந்த தங்கை எட்டிப்பிடித்துவிட, இருவருக்கும் வெற்றி இன்னும் ஒரே தொடுகையில் இருந்தது. அப்போது குருவி தன் கவசத்தைத் திருப்பிப் பயிற்றுநரை ஒருகணம் நோக்கினாள். தன் குரலே அவள் காலைக் கட்டுகிறது என்பது பயிற்றுநருக்கு அப்போதுதான் விளங்கிற்று.

வாளோடு பிணைந்து, தொடுகை விழுந்ததும் அவரவர் பக்கத்து விளக்கை எரியவைக்கும் மின்கம்பி பழுதுற்று ஆட்டம் சற்றே நிற்க, தங்கை ஓடி வந்தாள்.

“அக்கா, உன் குரலைக் கேட்டா அவ கால் கட்டிப்போட்ட மாதிரி நிக்குது. இன்னொரு தடவை கத்துக்கா, போதும்.”

“கம்பியைச் சரியா மாட்டு” என்றாள் பயிற்றுநர். ஆம் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

நடுவர் கையசைத்தார். குருவி பாய்ந்தாள், தங்கை பின்வாங்கினாள். களத்தின் எல்லைக்கோடு குதிகாலை நெருங்கிற்று. கூவவேண்டிய நொடி வந்தது. தானே பழக்கிய ஒரு கால்மீது தன் குரலை ஏவி வெல்வது வெற்றியாகாது என்றெண்ணி, பயிற்றுநர் பல்லைக் கடித்துக்கொண்டாள். வராத குரலுக்காகத் தங்கையின் செவி காத்திருந்தது. குருவியின் காலும் இமைப்பொழுது தயங்கிற்று. முதலில் தெளிந்தவள் குருவியே. அவள் பக்கத்து விளக்கு மட்டும் எரிந்தது.

குருவி கவசம் கழற்றி வந்து, “கத்துவீங்கன்னுதான் நினைச்சேன்” என்றாள்.

“நானும்தான்” என்றாள் பயிற்றுநர்.

பின்னர் வந்த தங்கை அழவில்லை, சினக்கவும் இல்லை. “கத்த மாட்டேன்னு என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமேக்கா. நானே பார்த்துச் சண்டை போட்டிருப்பேன்” என்றாள்.

பிரிந்தவளுக்கு நேர்மை செய்யத் துணிந்த பயிற்றுநரின் நா, உடனிருந்தவளுக்கு ஒரு சொல் உரைக்க மறந்துவிட்டது. பட்டம் நழுவிய துயரினும் அவளை வாட்டியது அதுவே. அரங்கின் விளக்குகள் ஒவ்வொன்றாய் அணைய, அக்காளும் தங்கையும் ஆளுக்கொரு முனையாய் மின்கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தனர்.