வாய் திறக்காத செயலாளர்

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டிலிருந்து துறைமுகம் வரை ட்ரெய்லர் ஓட்டுகிறவர்களுக்கு இரண்டு சங்கங்கள் உண்டு. முதலில் ஒன்றாகத்தான் இருந்தது. போர்டில் யார் படம் பெரிதாக இருக்க வேண்டும் என்ற கொள்கைப் பிரச்சினையில் உடைந்தது. பெரிய படத்தோடு வெளியே போய்ப் புதுச் சங்கம் தொடங்கி அதற்குச் செயலாளரும் ஆனவர் இன்னாசி. பழைய சங்கத்தில் செயலாளராகத் தங்கிவிட்டவர் தேசப்பன்.

தேசப்பனின் சொத்து அவருடைய வாய். மைக் இல்லாமல் பேசினாலே ட்ரெய்லர் ஹாரனைத் தாண்டிக் கேட்கும். அந்த வாயின் இடது கீழ்க் கோடியில் ஒரு கடைவாய்ப் பல் நெடுநாளாகச் சொத்தையாகிக்கொண்டிருந்தது. வலி தாங்காமல் போனதும் அவர் மனைவி நர்மதா, காசிமேட்டில் மீன் விற்கிறவள், அவரைத் தண்டையார்பேட்டையில் பல் டாக்டர் ரேச்சலிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

"வேர்ல சீழ் கோத்திருக்கு சார். இன்னிக்கே எடுத்துடலாம்" என்றார் ரேச்சல்.

தேசப்பன் தட்டிலிருந்த பல் பிடுங்கும் குறட்டைப் பார்த்தார். லாரி முதலாளிகள், அதிகாரிகள் என்று யாருக்கும் அஞ்சாதவர், சட்டென்று நாற்காலியிலிருந்து இறங்கிவிட்டார். "நாளைக்குப் பொதுக்குழு கீது டாக்டர். முடிச்சிகினு வந்துடறேன்."

ரேச்சல் மாத்திரை எழுதினார். பிறகு நர்மதாவிடம் சொன்னார்: "அம்மா, இவர் வரமாட்டார்னு தெரியுது. நீங்க கவனிச்சுக்குங்க. காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்க முடியலைன்னாலோ, எச்சில் முழுங்கக் கஷ்டப்பட்டாலோ, வீக்கம் தாடைக்கு அடியில இறங்கினாலோ என்கிட்ட வரவேணாம். நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. அது பல்வலி இல்ல, உயிர்ப் பிரச்சினை."

தேசப்பன் வலி கொஞ்சம் குறைந்ததுமே மாத்திரையை நிறுத்தினார். அதற்குப் பிறகு வைத்தியத்தைச் சங்கத்தின் செயற்குழு ஏற்றுக்கொண்டது. ஒருவர் கிராம்புத் தைலம் கொண்டுவந்தார். இன்னொருவர் பஞ்சில் பிராந்தி நனைத்துக் கொடுத்தார். வலி மாத்திரையைப் பொடித்து ஈறிலேயே அப்பினார் மூன்றாமவர்; ஈறு வெந்து வெளுத்தது. இணைச் செயலாளர் பொன்ராஜ் உப்பை வறுத்துத் துணியில் கட்டி, தன் கையாலேயே கன்னத்தில் சூடாக ஒத்தடம் கொடுத்தான். செயலாளர் பதவிமேல் அவனுக்கு ஒரு கண் உண்டு என்றாலும் ஒத்தடத்தைப் பாசத்தோடுதான் கொடுத்தான்.

வலி நின்றுவிட்டது. "பாத்தியா? டாக்டருன்னா பல்லப் புடுங்கத்தான் சொல்லும்" என்று தேசப்பன் மனைவியிடம் சிரித்தார்.

அடுத்த நாளே கன்னம் பன் மாதிரி உப்பியது. சனிக்கிழமை காலையில் தாடைக்கு அடியிலும் வீங்கி, கழுத்து எது கன்னம் எது என்று தெரியாமல் போயிற்று. உடம்பு கொதித்தது. வாயில் ஒரு விரல்கூட நுழையவில்லை. முழுங்க முடியாத எச்சில் சட்டையில் ஒழுகியது. நர்மதாவுக்கு ரேச்சல் சொன்னது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ஆட்டோ பிடிக்கத் தெருவுக்கு ஓடினாள்.

அந்த நேரத்தில்தான் பொன்ராஜ் வீட்டுக்குள் வந்தான். தேசப்பனைப் பார்த்ததும் கையிலிருந்த டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"அண்ணே! எவன்ணே உன் மேல கை வெச்சது?"

தேசப்பனால் பேச முடியவில்லை. விரலால் இடது கன்னத்தைக் காட்டினார். பொன்ராஜ் அந்த விரல் போன திசையில் கன்னத்தைத் தாண்டியும் பார்த்தான். ஜன்னலுக்கு வெளியே, எதிர்ச் சுவரில், இன்னாசியின் பெரிய படம் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தது.

"புரிஞ்சிட்சிண்ணே! நீ ஒண்ணும் பேசாத!"

தேசப்பன் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். தலைவர் துடிக்கிறார் என்று எடுத்துக்கொண்டு பொன்ராஜ் ஒரு போட்டோ பிடித்தான். நர்மதா ஆட்டோவோடு திரும்பி வந்தபோது அவன் போய்விட்டிருந்தான். போட்டோ எல்லா டிரைவர்களின் போனுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. 'கூலிப்படைத் தாக்குதல். செயலாளர் உயிருக்குப் போராட்டம்.' இரண்டாவது வாக்கியம் மட்டும் உண்மை.

ஆட்டோ திருவொற்றியூரைத் தாண்டுவதற்குள் நின்றுவிட்டது. சாலையின் குறுக்கே ட்ரெய்லர்கள். தேசப்பனுக்காகத் தேசப்பனின் ஆட்கள் நடத்தும் மறியல். நர்மதா ரேச்சலுக்கு போன் போட்டாள்.

"படுக்க மட்டும் வைக்காதீங்கம்மா! நாக்கு பின்னால போய் மூச்சு அடைச்சுக்கும். நிமிர்ந்து உட்கார்ந்தபடியே கூட்டிட்டுப் போங்க. குடிக்க எதுவும் குடுக்காதீங்க. நான் ஆஸ்பத்திரிக்குச் சொல்லி வைக்கறேன்."

ஆனால் அதற்குள் ஆட்களின் கண்ணில் தேசப்பன் பட்டுவிட்டார். "தலைவர் வந்துட்டாரு! அடிபட்ட ஒடம்போட போராட்டத்துக்கு வந்துட்டாரு!" அவரை அப்படியே தூக்கிக்கொண்டு போய், லாரியின் பின்தட்டில் போட்டிருந்த மேடையில் ஏற்றினார்கள். வீங்கின கழுத்தில் மாலை விழுந்தது. ஒருவன் வாயில் சோடாவை ஊற்றப் பார்த்தான். நர்மதா தட்டிவிட்டாள்.

"டிவிக்காரன் வந்துகினு கீறான். அண்ணன படுக்க வைங்கடா, அப்பத்தான் நல்லா தெரியும்" என்றான் பொன்ராஜ்.

பெஞ்சில் படுக்கவைத்தார்கள். தேசப்பனின் கண்கள் பிதுங்கின. தொண்டையிலிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. கைகால் உதறிற்று. கூட்டம் உணர்ச்சிவசப்பட்டு வாழ்க கோஷம் போட்டது.

நர்மதா இரண்டு பேரை இடித்துத் தள்ளி அவரை நிமிர்த்தி உட்காரவைத்தாள். விசில் கொஞ்சம் தணிந்தது. மைக்கைப் பிடுங்கினாள்.

"அய்யா, இது அடி இல்ல. சொத்தப் பல்லு. சீழு எறங்கி மூச்சு அடைக்குது. வழி வுடுங்க!"

கூட்டம் அவளைப் பரிதாபமாகப் பார்த்தது. "அண்ணி பயந்துட்சி. மிரட்டியிருக்கானுங்க" என்றான் பொன்ராஜ். கோஷம் இரண்டு மடங்கானது.

நர்மதா கணவனின் முகத்தைப் பார்த்தாள். உதடு நீலம் பாரித்துக்கொண்டிருந்தது. நல்லது கெட்டது யோசிக்க நேரமில்லை. மீன் ஏலத்தில் பழகிய குரலை எடுத்தாள்.

"ஆமாய்யா! அடிச்சிட்டானுங்க! இப்ப ஆஸ்பத்திரிக்குப் போயி காயத்துக்கு சர்டிபிகேட் வாங்கலன்னா கேசு நிக்காது. அடிச்சவன் தப்பிச்சிடுவான். வுடப் போறீங்களா?"

சாலை காலியானது. துறைமுகத்துக் கன்டெய்னர்கள் அவ்வளவு வேகமாக ஒதுங்கியதை அந்தப் பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை. முன்னால் மோட்டார் சைக்கிள்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போக, நர்மதா அதே ஆட்டோவில் அவர் முதுகைத் தன் தோளில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி சேர்ந்தாள்.

அங்கே முதலில் மூச்சுக்கு வழி செய்தார்கள். பிறகு தாடைக்கு அடியில் கீறிச் சீழை வடித்து ஒரு குழாய் வைத்தார்கள். பல்லையும் எடுத்தார்கள். "இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது" என்றார் அங்கிருந்த டாக்டர்.

பேச்சு வந்ததும் தேசப்பன் முதலில் கேட்டது, "ஏண்டி, அடிச்சானுங்கன்னா சொன்ன?"

"பல்லுன்னு சொன்னேன், ஒருத்தனும் நவுரல. அடின்னு சொன்னேன், ரோடே காலி. நான் இன்னாய்யா பண்றது?"

அவர் வெகுநேரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இன்னாசி அந்தக் காலை முழுவதும் ராயபுரத்துக் கோயிலில் தங்கச்சி பேரப்பிள்ளையின் ஞானஸ்நானத்தில் இருந்ததால் போலீஸ் அவரை விசாரித்துவிட்டு அனுப்பிவிட்டது. ஆனால் சங்கம் விடவில்லை. உடம்பு தேறியதும் தேசப்பன் பொதுக்குழுவைக் கூட்டினார். குழாய் வைத்த தழும்பில் பிளாஸ்திரியோடு எழுந்து நின்றார்.

"என்ன ஒருத்தனும் அடிக்கல. சொத்தப் பல்லு. நான் டாக்டர் பேச்சக் கேக்கல. அவ்ளோதான்."

பொன்ராஜ் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"பாத்தீங்களாடா? அடிச்சவனயே காட்டிக் குடுக்காத மனசு! இப்படி ஒரு தலைவன எங்கனா பாத்திருக்கீங்களா?"

கைதட்டல் ஓயவில்லை. தேசப்பன், "டேய், பல்லுடா! பல்லு!" என்று கத்திப் பார்த்தார். அவருக்குப் 'பொறுமைக் கடல்' என்ற பட்டம் ஏகமனதாக வழங்கப்பட்டது. பொறுமைக் கடல் நாற்காலியை உதைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

சில வாரம் கழித்து ஒரு மத்தியானம், ஹெல்மெட் போட்ட ஒரு ஆள் தேசப்பன் வீட்டுப் பின்வாசல் வழியாக உள்ளே வந்தார். கண்ணாடியைத் தூக்கினார். இன்னாசி.

"மாமு, சத்தம் போடாத. எனக்கும் கடைவாய்ல வலி. ரெண்டு நாளா முக்கிகினு கீறேன்."

"டாக்டர்கிட்ட போவ வேண்டிதான?"

"எப்படிப் போவேன்? என் கன்னம் வீங்கினத எங்க ஆளுங்க பாத்தானுங்கன்னா, பழிக்குப் பழி நீதான் அடிச்சன்னுவானுங்க. அப்புறம் நம்ம ரெண்டு பேரு சொல்றதையும் எவன் கேக்கப்போறான்?"

தேசப்பன் அவர் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். "வாயத் தொற. இன்னும் பெருசா. காய்ச்சல் கீதா? எச்சி முழுங்க முடியுதா? சரி, கழுத்துல எறங்கல. ஒத்தடம் கித்தடம் எதுனா வெச்ச, நானே நெசமா அடிச்சிடுவேன். நர்மதா, அந்த டாக்டர் பொண்ணுக்கு போன் போடு."

மூவரும் ஒரே ஆட்டோவில் போனார்கள். குறட்டைப் பார்த்ததும் இன்னாசி எழுந்திருக்கப் பார்த்தார். தேசப்பன் அவர் தோளை அழுத்தி உட்காரவைத்து, தன் முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

பல் வெளியே வந்தது. ரேச்சல் மடித்த பஞ்சைக் குழியில் வைத்தார். "நல்லா கடிச்சுக்குங்க. துப்பக் கூடாது. கொப்பளிக்கக் கூடாது. நான் சொல்ற வரைக்கும் பேசவும் கூடாது."

இன்னாசி தலையாட்டினார். வெளி பெஞ்சில் இரண்டு செயலாளர்களும் அடுத்தடுத்து உட்கார்ந்தார்கள். தேசப்பனுக்கு வாய் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பதில் பேச ஆளில்லாமல் அவருக்கும் பேச்சு வரவில்லை. நர்மதா சாயங்கால வியாபாரத்துக்காகக் கையோடு எடுத்துவந்த மீன் கூடையைக் கீழே வைத்து, சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டாள்.