நால்வரில் ஒருவர்

அந்த மின்னஞ்சல் திங்கட்கிழமை காலையில் வந்தது. மாநிலத்திலுள்ள நர்ஸ்களை எண்ணிக் கணக்கு வைக்கும் அலுவலகம், ஒவ்வொரு ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸுக்கும் அனுப்பிய வரைவு அறிக்கை. பிழை இருந்தால் திருத்தம் சொல்லுங்கள், வெளியில் பேசாதீர்கள் என்று மேலே தடித்த எழுத்தில் போட்டிருந்தது. வெர்னா நீளமான பட்டியலில் தங்கள் கவுன்ட்டியின், அதாவது மாவட்டத்தின், வரியைத் தேடிப் பிடித்தாள். பணியிலுள்ள நர்ஸ்கள்: நான்கு. இரண்டு ஆண்டுகளுக்குள் இந்தக் கவுன்ட்டியை விட்டுப் போக எண்ணியிருப்பவர்: ஒருவர்.

அவள் தலைமை நர்ஸாக இருந்த இடம் சின்னது. கோதுமை வயல்களுக்கு நடுவே பன்னிரண்டு படுக்கைகளோடு நிற்கிற ஆஸ்பத்திரி அது. மூன்று நர்ஸ்கள் முறைபோட்டு மாரடிப்பதால்தான் அதன் அவசரப் பிரிவு இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருந்தது. இடையிடையே ஒப்பந்த நர்ஸ்கள் மூன்று மாதம் வந்து நிற்பார்கள், முகம் பழகுவதற்குள் போய்விடுவார்கள். அவர்கள் வேறு மாநிலத்துக் கணக்கு. மூவரில் ஒருவர் குறைந்தாலும் அவசரப் பிரிவைச் சாயங்காலத்தோடு பூட்டிவிடுவோம் என்று நிர்வாகக் குழு முன்பே சொல்லியிருந்தது. அப்புறம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவன் எழுபது மைல் தள்ளி பிஸ்மார்க் நகரத்துக்குப் போக வேண்டியதுதான். வெர்னாவின் கணவர் ஆர்வலின் கடைசி மூச்சு அந்த அவசரப் பிரிவின் மூன்றாம் படுக்கையில்தான் போனது. எழுபது மைல் தள்ளி, முகம் தெரியாதவர்கள் நடுவில் போகவில்லை. அந்தக் கதவு பூட்டப்படுவதை அவளால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை.

யார் அந்த ஒருவர்? நான்கு விரல்களை விரித்து வைத்துக்கொண்டு யோசித்தாள். டார்லாவின் கணவனுக்கு முந்நூறு மாடுகள். அவளைக் கயிறு கட்டி இழுத்தாலும் ஊரை விட்டு வரமாட்டாள். ஒரு விரல் மடங்கியது. அடுத்தவன் கோடி, அவனுக்கு ஆகஸ்டில் கல்யாணம், பெண் உள்ளூர் தானியக் கிடங்கு மேலாளரின் மகள். இரண்டு. பள்ளிக்கூட நர்ஸ் பெவ், முப்பது வருடச் சிநேகிதி, ஓய்வூதியத்துக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. அதை விட்டுவிட்டு எவள் போவாள்? மூன்று. மிச்சம் நின்ற விரல் மாரிசெல்.

வெளியூர்க்காரி என்பதற்காக நாம் யாரும் யாரையும் சந்தேகப்படுவதில்லை. முறையாகக் கணக்குப் போடுவோம், எல்லோரையும் நியாயமாகக் கழிப்போம், கடைசியில் பார்த்தால் வெளியூர்க்காரி நிற்பாள். வெர்னாவும் அப்படித்தான், மனசாட்சிக்கு விரோதமில்லாமல் அந்த முடிவுக்கு வந்து சேர்ந்தாள்.

மாரிசெல் பிலிப்பைன்ஸிலிருந்து மூன்று வருட ஒப்பந்தத்தில் வந்தவள். ஒப்பந்தம் முடிந்தும் ஒரு வருடம் ஆகிவிட்டது, அவள் பாட்டுக்கு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் இன்னும் இருக்கிறாள் என்று யாரும் அதுவரை கேட்டதில்லை. இப்போது வெர்னாவுக்கு அதுவே பெரிய புதிராகப் பட்டது. குளிர் மைனஸ் முப்பதுக்குப் போகிற ஊரில் இவளுக்கு என்ன வைத்திருக்கிறது?

சந்தேகம் வந்துவிட்டால் சாட்சிகள் தாமாக வந்து வரிசையில் நிற்கும். மாரிசெல் ஸ்டோர் ரூமில் காலி அட்டைப்பெட்டிகள் கேட்டு வாங்கிப் போகிறாள், அதுவும் பெரிதாகப் பார்த்துப் பொறுக்குகிறாள் என்று டார்லா சிரித்துக்கொண்டே சொன்னாள். வெர்னா சிரிக்கவில்லை. வீட்டைக் காலி செய்கிறவளுக்குத்தானே பெட்டி வேண்டும்? அடுத்த வாரம் மாரிசெல் வியாழனும் வெள்ளியும் லீவு கேட்டாள். பிஸ்மார்க்கில் வேலை இருக்கிறதாம். என்ன வேலை என்று சொல்லவில்லை.

அதற்கும் அடுத்த வாரம் அவளே அறை வாசலில் வந்து நின்றாள். ஒரு கடிதம் வேண்டும் என்றாள். இங்கே நான்கு வருடமாக வேலை பார்க்கிறாள், நிரந்தர வேலை, சம்பளம் இவ்வளவு என்று ஆஸ்பத்திரி எழுதித் தர வேண்டுமாம். யாருக்கு என்று வெர்னா கேட்டாள்.

"கேட்டிருக்காங்க மேம்," என்று சொல்லிச் சிரித்தாள் மாரிசெல். அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை.

அந்தச் சிரிப்பை வெர்னா மூன்று நாள் மனதில் போட்டு உருட்டினாள். வேறு ஆஸ்பத்திரிக்காரன் கேட்டிருக்கிறான், வேறென்ன. கடிதத்தைத் தட்டச்சு செய்து முடித்தவள் கையெழுத்துப் போடாமல் மேசை டிராயருக்குள் தள்ளினாள். நாமே கழுத்தை நீட்டிக் கொடுப்பதா என்று நினைப்பு. மாரிசெல் கேட்டபோதெல்லாம் கணக்குப் பிரிவில் ஆள் இல்லை, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று ஒவ்வொரு சாக்காகச் சொன்னாள். விபத்துச் சிகிச்சைப் பயிற்சிக்கு மாரிசெல்லின் பெயரைத்தான் எழுதியிருந்தார்கள். அதை அடித்துவிட்டுக் கோடியின் பெயரை எழுதினாள். போகப் போகிறவளுக்குப் படிப்பு எதற்கு?

பேச்சும் மாறிப்போனது. சாப்பாட்டு அறையில் மாரிசெல் தட்டோடு உட்கார்ந்தால் வெர்னா எழுந்துகொள்வாள். தலைவியின் முகத்தைப் பார்த்து மற்றவர்களும் பேச்சை நிறுத்தக் கற்றுக்கொண்டார்கள். ஒருநாள் வராண்டாவில் மறித்து நேராகவே கேட்டுவிட்டாள்.

"சுத்தி வளைக்கல. எப்ப கிளம்பறதா இருக்க?"

"எங்க மேம்?"

"அது உனக்குத்தான் தெரியும்."

எங்கேயும் போகிறதாக இல்லை என்று மாரிசெல் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு நோயாளியிடம் போனாள். நன்றாக நடிக்கிறாள் என்று வெர்னா நினைத்துக்கொண்டாள். ஐந்தாவது முறை கேட்ட பிறகு, மூன்று வாரம் கழித்து, கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். மாரிசெல் நன்றி சொன்னாள், ஆனால் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

பத்து நாள் கழித்து ராஜினாமா வந்தது. பிஸ்மார்க்கில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறது, முப்பது நாளில் விடுவித்துவிடுங்கள் என்று நாலே வரி. வெர்னாவுக்குப் பகீர் என்றது. அதற்கு அடியில், உள்ளதைச் சொல்லத்தான் வேண்டும், கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. தன் கணக்கு தப்பவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெவ்வின் சமையலறையில் காபியோடு உட்கார்ந்து வெர்னா மொத்தத்தையும் கொட்டினாள். வெளியில் பேசாதீர்கள் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. நான்கு பேர், ஒருவர் போகிறார், அது யார் என்று முதல் நாளே கண்டுபிடித்துவிட்டேன் என்றாள். பெவ் கேக்கை வெட்டிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள்.

"நாலு பேருன்னா யார் யாரு?"

வெர்னா சொன்னாள்.

"அதுல நான் எங்கடி வந்தேன்? எங்க ஸ்கூல பக்கத்து கவுன்ட்டி ஸ்கூலோட சேத்து ஆறு வருஷமாச்சு. ஆபீஸ் அங்க. லைசென்ஸ் புதுப்பிக்கற ஃபாரத்துல வேலை பாக்கற எடம்னு அந்த அட்ரஸத்தான் போடுவேன். என்னைய அந்த கவுன்ட்டிலதான் எண்ணுவாங்க."

அப்படியானால் பட்டியலிலேயே தப்பு இருக்கும் என்று வெர்னா முனகினாள். எப்படியும் மாரிசெல் போகத்தானே போகிறாள் என்றாள்.

"போகாம என்ன செய்வா?" என்றாள் பெவ். "இதோ பக்கத்து வீட்ட வாங்கறதா இருந்தா பாவம். ரெண்டு மாசமா வந்து வந்து பாத்துட்டுப் போனா, கொல்லையில எங்க தக்காளி வைக்கலாம்னுகூட என்னைக் கேட்டா. யார்கிட்டயும் சொல்லிடாதீங்கன்னா, அதான் உங்கிட்டயும் சொல்லல. பிஸ்மார்க் போயி பேங்க்ல கடன் கேட்டிருக்கா, ஏதோ வேலைக் கடுதாசி கேட்டாங்களாம், அது நேரத்துக்கு வந்து சேரல. மினியாபோலிஸ்காரன் ஒருத்தன் ரொக்கமா குடுத்துத் தட்டிட்டுப் போயிட்டான். வருஷத்துல பத்து நாள் காட்டுக்கோழி சுட வருவானாம், அதுக்கு ஒரு வீடு."

வெர்னா கேக்கைத் தொடவில்லை. ஜன்னலுக்கு வெளியே அந்த வீடு தெரிந்தது. வாசலில் விற்பனைப் பலகையின் மேல் 'விற்றாகிவிட்டது' என்று குறுக்கே ஒட்டியிருந்தார்கள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவள் தனக்குள் ஒன்றையே பிடித்துத் தொங்கினாள்: பட்டியலில் நான்கு என்று இருக்கிறது, ஒருவர் போவதாகச் சொல்லியிருக்கிறார். அது மாரிசெல்லாக இருந்துவிட்டால் போதும். அப்படியிருந்தால் வீடு போனதற்கும் தனக்கும் அவ்வளவாகச் சம்பந்தமில்லை.

திங்கட்கிழமை அறிக்கையின் அடியில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டாள். எடுத்தவன் மரியாதையாகப் பேசினான். யார் என்ன பதில் சொன்னார்கள் என்பதைச் சொல்ல முடியாது என்றான். பெயர் வேண்டாம், எண்ணிக்கையே தப்பு என்றாள் வெர்னா. எங்கள் கவுன்ட்டியில் மூன்று பேர்தான், நீங்கள் நான்கு என்று போட்டிருக்கிறீர்கள்.

"உங்களயும் சேத்து மூணுங்களா?" என்று கேட்டான் அவன்.

"நான் நர்ஸிங் டைரக்டர். ஆபீஸ்ல உக்காந்திருக்கேன்."

"சரிங்க. லைசென்ஸ் புதுப்பிக்கறீங்கல்ல?"

"முப்பத்தெட்டு வருஷமா."

புதுப்பிக்கும்போது தருகிற பதில்களை வைத்துத்தான் எண்ணுகிறோம் என்றான் அவன். வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்று சொல்லிப் போனை வைத்தாள்.

லைசென்ஸ் பக்கத்துக்குள் நுழையக் கடவுச்சொல்லை மூன்று முறை தப்பாக அடித்தாள். கடைசியாகப் புதுப்பித்த விண்ணப்பம் திறந்தது. ஒன்றரை வருடத்துக்கு முந்தைய நவம்பர் தேதி. கடைசியில் கேட்கிற கேள்விகளில் பதினான்காவது: இரண்டு ஆண்டுகளுக்குள் தற்போதைய கவுன்ட்டியை விட்டுச் செல்ல எண்ணமுண்டா? ஆம். காரணம்: குடும்பத்தினரின் உடல்நலம்.

அன்றைக்கு அவள் பிஸ்மார்க்கில் டயாலிசிஸ் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள். உள்ளே இயந்திரம் ஆர்வலின் இரத்தத்தைச் சுற்றி அனுப்பிக்கொண்டிருந்தது. வாரத்துக்கு மூன்று தடவை, பனிக்காலத்தில் எழுபது மைல் வந்து போக முடியாது, இங்கேயே குடிவந்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இருவருமாக லிஃப்ட் வைத்த ஒரு அடுக்குமாடி வீட்டைப் பார்த்துப் பேசிக்கூட வைத்திருந்தார்கள். காத்திருந்த நேரத்தில் போனிலேயே லைசென்ஸைப் புதுப்பித்தாள். பிப்ரவரியில் ஆர்வல் போய்விட்டார். வீட்டுப் பேச்சு அதோடு நின்றது, விண்ணப்பம் மறந்தே போனது. எண்ணுகிறவர்கள் மட்டும் மறக்கவில்லை. வெர்னா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். ஆர்வலுக்காக அழுதாளா, மாரிசெல்லுக்காகவா என்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை.

சாயங்காலம் மாரிசெல் குடியிருந்த மாடிக்குப் போனாள். நடுக்கூடத்தில் அதே அட்டைப்பெட்டிகள். ஒன்றில் சோப்பும் சாக்லேட்டும் டப்பா இறைச்சியும் அடுக்கி, டேப் ஒட்டி, பிலிப்பைன்ஸில் அவள் ஊரான இலோய்லோவின் முகவரி எழுதியிருந்தது.

"ஊருக்கு அனுப்பறேன் மேம். வருஷத்துக்கு ரெண்டு தடவ," என்றாள் மாரிசெல். "மொத வருஷம் நீங்ககூட ரெண்டு துண்டு குடுத்தீங்களே. எங்கம்மா இன்னும் வச்சிருக்காங்க."

அதுவும் மறந்திருந்தது. வெர்னா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்: பட்டியல், விரல் விட்டு எண்ணியது, டிராயருக்குள் கிடந்த கடிதம், பதினான்காம் கேள்வி. எதையும் குறைத்துச் சொல்லவில்லை. வீட்டுக்காக என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று மட்டும் கேட்டுவிட்டாள், கேட்டதும் அதற்கே வெட்கப்பட்டாள்.

"முடியறதுக்கு முன்னாடி வெளிய சொன்னா முறிஞ்சு போயிடும்னு எங்கம்மா சொல்லுவாங்க," என்றாள் மாரிசெல். "சாவிய கையில வச்சிட்டு மொதல்ல உங்ககிட்டதான் காட்டணும்னு இருந்தேன்."

இருந்துவிடு என்று கெஞ்சினாள் வெர்னா. பயிற்சிக்கு அனுப்புகிறேன், வேறு வீடு பார்க்கலாம், நானே பேங்குக்கு வருகிறேன் என்றெல்லாம் சொன்னாள். மாரிசெல் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அங்க கையெழுத்துப் போட்டுட்டேன் மேம். நீங்க அன்னைக்கு வராண்டால கேட்டீங்கல்ல, எப்ப கிளம்பறன்னு? அதுவரைக்கும் எனக்கு அந்த நெனப்பே வந்ததில்ல."

ஜூலையிலிருந்து அவசரப் பிரிவு மாலை ஆறு மணிக்குப் பூட்டப்படும் என்று நிர்வாகக் குழு முடிவெடுத்தது. இன்னொருத்தர் கிடைக்கும்வரை நானே அந்த முறைகளைப் பார்க்கிறேன் என்று வெர்னா எழுந்து சொன்னாள். உங்களுக்கு அறுபத்தொன்று ஆகிறது என்று குழுத் தலைவர் ஞாபகப்படுத்தினார். செப்டம்பர்வரை பொறுத்துப் பார்க்கலாம் என்று ஒத்திப்போட்டார்கள்.

மாரிசெல்லின் கடைசி நாளன்று, விலகும் நர்ஸுக்காக மாநில அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டிய படிவத்தை வெர்னா திறந்தாள். விலகக் காரணம்: சம்பளம், வேலைப்பளு, குடும்பம், சொந்த ஊர், வேறு. இத்தனை வருடத்தில் விலகின அத்தனை பேருக்கும் அவள் குடும்பம் என்றே குறித்து அனுப்பியிருக்கிறாள். அதைப் பார்த்து யாரும் திரும்பிக் கேட்பதில்லை. இன்று 'வேறு' என்பதைக் குறித்து, பக்கத்தில் இருந்த சின்னக் கட்டத்தில் எழுதினாள்: போக வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை, போவார் என்று நான் நினைத்தேன். அடியில் தன் பெயரைப் போட்டாள்.

இப்போது பணியிலுள்ள நர்ஸ்கள் எத்தனை பேர் என்பது கடைசிக் கேள்வி. டார்லா, கோடி என்று விரல் விட்டாள். பிறகு தன்னையும் சேர்த்து எண்ணி, மூன்று என்று எழுதி அனுப்பினாள்.