தூங்க வைத்த நெருப்பு

"அப்போ மேல போன புகை அப்புறம் எங்க போகும்னு சொல்லு."

"மேலதான் போகும்."

"மேலன்னா எங்க மச்சான்? அங்க யாராவது வீட்டக் கட்டி வெச்சுக்கிட்டு வாங்க வாங்கன்னு கூப்பிடறாங்களா?"

"உன் வாயில ரெண்டு துண்டு டயரத் திணிச்சா எல்லாம் தெரிஞ்சிடும். மூடியத் தெற."

சின்ன மச்சான் சிரித்துக்கொண்டே, சூளை உச்சியில் தீத்துளையை மூடியிருந்த இரும்பு மூடியைக் கொக்கி மாட்டித் தூக்கினான். துளைக்குள்ளிருந்து செக்கச் செவேலென்று வெளிச்சம் பாய்ந்து அவன் தாடையில் அடித்தது. பெரிய மச்சான் கூடையைச் சாய்த்தான். நறுக்கிய டயர்த் துண்டுகள் சரிந்து விழுந்தன. மூடி விழுந்தது. ஒரு கணம் ஒன்றுமில்லை. அப்புறம் காலுக்கடியில் நெருப்பு உறுமியது. புகைபோக்கியின் வாயில், விடியாத வானத்தைவிடக் கறுப்பாக ஒன்று எழுந்து நின்றது.

ஒருவனுடைய அக்காவை மற்றவன் கட்டியிருந்தான். இருவரும் ஒருவரையொருவர் மச்சான் என்றே கூப்பிட்டுக்கொண்டதால் செங்கல் சூளையில் எல்லோருக்கும் அவர்கள் பெரிய மச்சான், சின்ன மச்சான் ஆகிப்போனார்கள். முதலாளியும் அப்படித்தான் கூப்பிட்டார், உறவு கொண்டாடும் உத்தேசம் எதுவும் இல்லாமல்.

சூளை ஒரு பெரிய வட்டம். உள்ளே இன்னும் சுடாத பச்சைக் கல்லை அடுக்கி, மேலே சாம்பலும் உடைகல்லும் பரப்பி மூடியிருக்கும். ஒருமுறை பற்றவைத்த நெருப்பு மழைக்காலம் வரும்வரை அணையாது. அந்த வட்டத்தைச் சுற்றி மெல்ல நடந்துகொண்டே இருக்கும். தீ போடுகிறவர்கள் அதன் தலைமேல் நடப்பார்கள். இத்தனை வருடமும் நிலக்கரியும் மரத்தூளும் தின்ற நெருப்பு அது. இந்த வருடம்தான் டயர். விடியறதுக்குள்ள போட்டு முடிச்சிடணும் என்பது உத்தரவு. வெளிச்சம் வந்தபின் பார்க்கிறவர்கள் கண்ணுக்கு வெள்ளைப் புகை மட்டும்தான் தெரிய வேண்டும்.

அந்தத் தளத்தில் வெறுங்காலை வைக்க முடியாது. கட்டைச் செருப்பு போட்டுத்தான் நடக்க வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் குதிகாலால் ஒரு தட்டு. 'டொக்' என்றால் கீழே கல் நிற்கிறது. 'டம்' என்றால் உள்ளே குழி விழுந்திருக்கிறது, தள்ளிப் போ. பேச்சுக்கு நடுவிலும் தூக்கக் கலக்கத்திலும் அந்தத் தட்டு நிற்காது. சின்ன மச்சான் அக்கா வீட்டு வாசலில்கூடத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவான். "என் வீட்டுத் தரைமேல அவ்வளவு சந்தேகமாடா உனக்கு?" என்று அவள் திட்டுவாள்.

இப்போதும் தட்டினான். சத்தம் மந்தமாக வந்தது. துளையோரமெல்லாம் டயர் உருகி வழிந்து, சாம்பலோடு பிசைந்து, தார் போலக் கெட்டிப்பட்டிருந்தது. அந்த முரட்டுச் சூட்டில் கீழே கற்கள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிச் சரிந்துகிடந்தன. மேலிருந்த தார் அதைச் சொல்லவில்லை.

"நல்லாத்தான் இருக்கு" என்று அவன் காலை வைத்தான்.

தளம் வாயைத் திறந்தது. வலது கால் முழங்கால்வரை போய்விட்டது. பெரிய மச்சான் கூடையை எறிந்துவிட்டுப் பாய்ந்து, அக்குளில் கைகொடுத்து, பின்பக்கமாக விழுந்தபடியே இழுத்தான். கால் வந்தது. செருப்பு வரவில்லை. தோலும் துணியும் எது எதுவென்று தெரியாமல் ஒட்டியிருந்தன. அலறலைக் கேட்டு, கீழே களிமண்ணை அச்சில் அடித்துக் கல்லறுத்துக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்தார்கள். முன்னால் ஓடிவந்தவள் அக்கா. கையில் களிமண் இன்னும் காயவில்லை.

காலைக் காப்பாற்றிவிடலாம், விரல்களைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். மறுநாள் பெரிய மச்சான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது சின்ன மச்சான் கண்ணைத் திறந்திருந்தான். அவன் குரல் எங்கோ தூரத்திலிருந்து வருவதுபோல இருந்தது.

"மச்சான், பக்கத்துக் கட்டில்ல ஒருத்தர் இருக்காரு பாரு. நெஞ்சு பூராப் புகையாம். பீடியையே தொட்டதில்லங்கறாரு."

"பேசாமப் படுடா."

"அது நம்ம புகைன்னு நான் சொல்லல. யாரோ ஒருத்தன் போட்ட புகை. அவன் மச்சானும் அவன்கிட்ட மேலதான் போகும்னு சொல்லியிருப்பான்."

பெரிய மச்சான் எழுந்து வெளியே வந்தான். திரும்பி நடந்து வரும்போது, வழியெல்லாம் வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். கரி விரலைக் காகிதத்தில் தேய்த்ததுபோல, விடியுமுன் எழுந்த புகையின் கறுப்புக் கோடு ஒன்று, காற்றில்லாத வானத்தில் கலையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. இதுவரை அது மேலே போவதைத்தான் பார்த்திருந்தான். இறங்குவதை அன்றைக்குத்தான் பார்த்தான். குடிசைகளின் மேலும், களிமண் பிசையும் குளத்தின் மேலும், எதிர்ப்பக்கத்துக் கீரைத் தோட்டத்தின் மேலும் அது அவசரமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது.

முதலாளி மூக்கில் கைக்குட்டையோடு சூளை அடியில் காத்திருந்தார்.

"ஆஸ்பத்திரி செலவ நான் பாத்துக்கறேன். அதுக்காகச் சூளைய நிறுத்த முடியுமா?"

"நிறுத்த வேணாம் மொதலாளி. கரி குடுங்க."

"கரிக்கு எங்கய்யா போவேன்? அது விக்கற வெலைக்குக் கல்லத் தங்கத்துல செஞ்சிடலாம். காலையில டயர் லாரி வருது. வேற ஒருத்தன ஜோடி சேத்துக்கிட்டுப் போடு."

"டயர் போட மாட்டேன்."

சொன்ன பிறகுதான் அது தன் குரல் என்று பெரிய மச்சானுக்குத் தெரிந்தது. கீழே அச்சுப் பெட்டிகளின் சத்தம் நின்றது.

"ஏய், கண்ணுக்குத் தெரியாத காத்துக்காகக் கைக்கு வர்ற கூலிய விடுறியா?"

"கண்ணுக்குத் தெரியாதுன்னா ஏன் மொதலாளி விடியறதுக்குள்ள போடச் சொல்றீங்க?"

யாரோ சிரித்தார்கள். முதலாளி கைக்குட்டையை நிதானமாக மடித்தார்.

"சரி. போடாத. கைவசம் இருக்கற கரி முடிஞ்சதும் நெருப்பு தானா அணையும். உள்ள அடுக்கினதெல்லாம் அரைவேக்காடாப் போகும். அதெல்லாம் யாரு அறுத்த கல்லுன்னு உன் பொண்டாட்டியக் கேளு. வெந்த கல்லுக்குத்தான் கூலி. இன்னைக்கு நேத்து வந்த வழக்கமா அது?"

அவர் போன பிறகு சூளைக்களம் இரண்டாகப் பிளந்தது. இனி டயர் வேண்டாம் என்றார்கள் தீ போடுகிறவர்கள். உன் கோபத்துக்கு எங்கள் கல்லா பலி என்று கல்லறுக்கிறவர்கள் கத்தினார்கள். அப்பொழுது பார்த்துத்தானா தோட்டக்காரம்மா வர வேண்டும்? சாலைக்கு அந்தப் பக்கம் கீரை போடுகிறவள். கூடையைக் கொண்டுவந்து பெரிய மச்சான் காலடியில் கவிழ்த்தாள். இலையெல்லாம் கறுப்புப் பொட்டு.

"கழுவினாப் போகல, தேய்ச்சாப் போகல. இத எவன் வாங்குவான்? நீதானே போட்ட?"

"மொதலாளி சொன்னாரும்மா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"மொதலாளி கூடையத் தூக்கினத நான் பாக்கல. இவன் கையத்தான் பாத்தேன்."

பெரிய மச்சான் கைகளைப் பார்த்தான். ரேகைகளில் கறுப்பு ஊறியிருந்தது. கூலிக்குப் போட்டாலும் போட்டது கைதான். காற்று ஆளைக் கேட்டு வீசுவதில்லை. கீரையும் முதலாளியின் புகை வேறு, கூலிக்காரனின் புகை வேறு என்று பிரித்துவைத்து வாங்குவதில்லை.

"ஆமாம்மா, நான்தான் போட்டேன்" என்றான்.

தோட்டக்காரம்மா சண்டைக்குத் தயாராக வந்தவள்.  கவிழ்த்த கூடையின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அக்கா, பச்சைக்கல் வரிசையை மூடியிருந்த தார்ப்பாயை உள்ளங்கையால் ஒரு இழுப்பு இழுத்து, கறுத்துப்போன கையை விரித்துக் காட்டினாள்.

"இன்னைக்கு விழுந்த பனி இது. இதத்தான் குளத்துல மொண்டு குடிக்கிறோம். என் தம்பி கால் போச்சு, இந்தம்மா கீரை போச்சு. அதுக்காக என் கல்லும் போகட்டும்னு சொல்ல எனக்கு மனசு வரல. மொதலாளிக்கு இன்னொரு சூளை இருக்கு. எனக்கு இன்னொரு முதுகு இருக்கா?" புருஷன் பக்கம் திரும்பினாள். "அணைக்கவும் வேணாம், டயரும் போட வேணாம். நெருப்பத் தூங்க வைக்க முடியாதா?"

எதிர்பாராத மழை வந்தால் அப்படிச் செய்வதுண்டு. எல்லா மூடியையும் போட்டு, ஓரமெல்லாம் ஈரக் களிமண் பூசி, புகைபோக்கிக்குப் போகும் வழியை அடைக்கும் தகட்டை முக்கால்வாசி இறக்கிவிட்டால், நெருப்பு மூச்சைப் பிடித்துக்கொண்டு சில நாள் கிடக்கும். கரி வந்தால் எழுப்பிக்கொள்ளலாம். வராவிட்டால் தூக்கத்திலேயே செத்துப்போகும்.

"எத்தன நாள் தாங்கும்?" என்றான் கத்தியவர்களில் ஒருவன்.

"தெரியாது. மழை இல்லாம யாரும் செஞ்சதில்ல" என்றான் பெரிய மச்சான்.

 கேட்ட அந்த ஆளே மண்வெட்டியை எடுத்துக் களிமண்ணைக் கிளறினான். "பூசறதுன்னா இப்பவே பூசணும். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது" என்றான். இவ்வளவு நேரம் திட்டிக்கொண்டிருந்தவன் அவன்தான்.

சூளை உச்சியை ஒருநாளும் மிதித்திராதவர்கள் அன்று சாயங்காலம் ஏறினார்கள். கட்டைச் செருப்பு எல்லோருக்கும் போதவில்லை. மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். பெரிய மச்சான் தார் படிந்த பக்கத்துக்கு யாரையும் விடாமல், தட்டித் தட்டி முன்னால் போனான். அவன் அடிவைத்த இடத்தில் அக்கா அடிவைத்தாள். அவள் வைத்த இடத்தில் தோட்டக்காரம்மா, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, களிமண் சட்டியோடு.

"ஐயோ, அடி வயித்துல அடுப்பு எரியுதே! இதுமேலயா தினமும் நடக்கறீங்க?"

"வேணும்னா நீங்க வெந்துட்டீங்களான்னு பாத்துச் சொல்றோம்மா. வெந்தாத்தான் கூலி."

சிரிப்பு ஒரு மூடியிலிருந்து அடுத்த மூடிக்குப் போனது. ஒவ்வொரு ஓரமாக ஆரஞ்சு வெளிச்சம் அணைந்தது. காலடியில் உறுமல் தணிந்து, நோயாளியின் மூச்சுப்போல மெலிந்தது.

விடியலில் புகைபோக்கியின் வாயில் ஒரு நூல்தான் இருந்தது. கட்டைச் செருப்போடும் களிமண் அப்பிய காலோடும் அவர்கள் சாலைக்குக் குறுக்கே உட்கார்ந்திருந்தார்கள். கரி வருமா என்று யாருக்கும் தெரியாது. முதலாளி ஆள் அனுப்புவாரா, போலீஸ் வருமா, நெருப்பு எழுந்திருக்குமா, எதுவுமே தெரியாது. தோட்டக்காரம்மா தன் தெருவிலிருந்து மேலும் சிலரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

டயர் லாரி வளைவில் திரும்பி, இவர்களைப் பார்த்து உறுமி, நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார். கண்ணெல்லாம் தூக்கமில்லாத சிவப்பு.

"என்னய்யா இது? வழிய விடுங்க."

"எறக்க விட மாட்டோம்ணே" என்றான் பெரிய மச்சான்.

"விடாட்டிப் போங்க. அடுத்த சூளையில எறக்கிட்டுப் போறேன். எனக்கென்ன? அங்க வேணாம்னு சொல்றதுக்கு ஆளா இருக்கு?"

அவர் வண்டியைப் பின்னுக்கு எடுக்க கியரைப் போட்டார். உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இதை யாரும் யோசித்திருக்கவில்லை. சாலை அந்தப் பக்கமாகவும் நீண்டு போனது. அதன் மேலும் இதே வானம்தான்.

பெரிய மச்சான் எழுந்து ஓடி, வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, எறக்கறதும் எறக்காததும் உங்க இஷ்டம். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அங்க தீ போடறவங்ககிட்ட, நாங்க இங்க ரோட்டுல உக்காந்திருக்கோம்னு மட்டும் சொல்லுங்கண்ணே. சொல்லுவீங்களா?"