குடைமுனை வழி

“ஒரு தெருவுக்குப் பேர் வைக்கிறது யாருன்னு நினைக்கிற?” என்று அப்பா ஒருமுறை அவளைக் கேட்டார். “கவர்ன்மென்ட்டு” என்றாள். “அது பலகைக்கு வைக்கிற பேரு” என்று சிரித்தார் அவர்.

அந்த அப்பாவை இப்போது வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். காலையில் டீ குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சாய்ந்தவர், அப்படியே போய்ச் சேர்ந்துவிட்டார். அழுது முடித்த அம்மாகூட, “டிக்கெட் கிழிக்கிற மாதிரி சுளுவா போயிட்டாரு” என்றாள்.

டவுன் பஸ் கண்டக்டர் அவர். இந்த நகரத்தையே எழுதி எழுதி, எப்போதோ செத்துப்போன ஒரு கவிஞர்மேல் அவருக்குப் பித்து. தபாலாபீஸ் நிறுத்தத்தைத் தபாலாபீஸ் என்று ஒருநாளும் சொன்னதில்லை. மழை பெய்தால் அந்தத் திருப்பத்தில் ஆட்களுக்கு முன்னால் குடைகள் முட்டிக்கொள்ளும் என்று கவிஞர் எழுதியிருந்தாராம். அதனால், “குடைமுனையெல்லாம் இறங்கு” என்பார். ஊருக்குப் புதியவர்கள் விழித்தபடி அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, டிப்போவில் புகார் கொடுப்பார்கள். மெமோ வரும். மறுநாளும் குடைமுனைதான்.

அண்ணனுக்கு அதில்தான் கசப்பு. துக்கம் கேட்க வந்தவர்களிடமும் சொல்லிவிட்டான். “அந்தக் கவிதையாலதான் கடைசிவரைக்கும் செக்கராகூட ஆகல. இனிமே யாருக்கு ஞாபகம் இருக்கப்போவுது?”

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டதிலிருந்து, நாலு பேர் முன்னால் தங்கைக்கு நாக்கு எழும்பாது. ஆனால் அவ்வளவுதானா அப்பா என்பது முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

சவ வண்டி டிரைவர் வந்து அண்ணனிடம் கேட்டார். “எப்படிப் போலாம் சார்? குடைமுனை வழியா போனா மாட்டிக்குவோம். பைபாஸ்ல ஏறிரவா?”

“பைபாஸ்” என்றான் அண்ணன். குடைமுனை, வீட்டில் கேட்டுக் கேட்டுப் புளித்த பேர். அவனுக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

அவளுக்கு உறைத்தது.

“அண்ணே, குடைமுனைன்னு உங்களுக்கு யாரு சொன்னா?” என்று டிரைவரைக் கேட்டாள்.

“யாரு சொல்லணும்? நான் இந்த ஊருக்கு வந்ததிலேருந்து அதுக்கு அதானேம்மா பேரு.”

“கவிதை எதுலயாவது படிச்சீங்களா?”

“நானா? என் படிப்பு லைசென்ஸோட சரி.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சாவு வீடாயிற்றே என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு, நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். “குடைமுனை வழியாவே போங்க.”

“உனக்கென்ன கிறுக்கா? அங்க சிக்குனா இன்னைக்குப் போய்ச் சேர்ந்த மாதிரிதான்” என்றான் அண்ணன்.

“அவ வாயத் தொறந்து ஒண்ணு கேக்குறதே அபூர்வம்டா. போகச் சொல்லு” என்று அம்மா வண்டியில் ஏறினாள்.

அண்ணன் சொன்னபடியே ஆயிற்று. தள்ளுவண்டிகளும் ஸ்கூட்டர்களும் சாமான் இறக்கும் லாரியுமாக அந்தத் திருப்பத்தில் வண்டி அப்படியே நின்றுவிட்டது. ஹாரனை யாரும் சட்டை செய்யவில்லை. அண்ணன் உட்கார்ந்திருந்த முன் ஜன்னலை ஒட்டி நின்ற ஒரு பெண், யார் போகிறார் என்றுகூடப் பார்க்காமல், போனில் கத்திக்கொண்டிருந்தாள். “குடைமுனையிலதான்டி நிக்கிறேன். சீக்கிரம் வா.”

அண்ணன் அவளைப் பார்த்தான். பிறகு திரும்பி, அப்பாவைப் பார்த்தான். இப்போது திட்டப்போகிறான் என்று தங்கை தலையைக் குனிந்துகொண்டாள்.

அவன் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டான். கதவைத் திறந்து இறங்கி, கூட்டத்தை இரண்டு கையாலும் விலக்கியபடி வண்டிக்கு முன்னால் நடந்தான்.