குழவி

யோகம்மா பழைய பட்டுப் பொட்டலத்தின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். முற்றத்தில் அம்மாவின் பிரேதத்தைக் குளிப்பாட்டி முடித்துவிட்டார்கள். தாய்மாமா சோமசேகரம் எந்த நேரமும் வந்து பொட்டலத்தைக் கேட்பார். பட்டு இத்துப்போயிருந்ததால் புதுத் துணியில் சுற்றிக் கொடுக்க நினைத்தாள்.

உள்ளே இருந்தது அப்பா. அந்த வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். யுத்த காலத்தில் வெள்ளைக்காரனின் கடற்படையில் சேர்ந்து, சீனன்குடாவில் யப்பான்காரன் குண்டு போட்ட அன்று இறந்துபோனவர். யோகம்மா அப்போது வயிற்றில். உடம்பென்று ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் நின்ற இடத்தில் கிடந்ததென்று யாரோ கொண்டுவந்து கொடுத்த இரும்புத் துண்டை அம்மா சாமியறையில் வைத்து முப்பது வருசம் விளக்கேற்றினாள். வேறு யாரையும் தொட விடமாட்டாள். வருசப்பிறப்புக்கு முதல் கிழமை கதவைப் பூட்டிக்கொண்டு, அதைத் தேங்காய்ப் பொச்சால் தேய்த்துக் குளிப்பாட்டுவாள். கடைசியாகச் சொன்னதும் அவரைப் பற்றித்தான்.

“என்ர நெஞ்சில அவரையும் வைச்சுக் கொளுத்துங்கோ.”

ஏதோ எடுக்க உள்ளே வந்த யோகம்மாவின் புருஷன் யோகலிங்கம், பட்டு அவிழ்ந்து கிடந்ததைக் கண்டு அப்படியே நின்றுவிட்டான்.

“யோகம், கையை எடு.”

“ஏன்?”

“மெல்ல எடு. சத்தம் போடாதை.”

குந்தியிருந்து பார்த்தான், தொடவில்லை. ஒரு முனை கூர். அடிப்பக்கத்தைச் சுற்றிப் பச்சை பிடித்த செம்பு வளையம்.

“இது துண்டில்லை, முழுசு. வெடிக்காத குண்டு. போன மாரியில இறக்கக்கண்டியில ஒருத்தன் வலையில வந்ததெண்டு கல்லில வைச்சுத் தட்டி, ஆளே சிதறிப்போனவன். அதுவும் இப்பிடித்தான் இருந்ததாம்.”

“அம்மா இதைத் தேய்ச்சுக் குளிப்பாட்டினவ.”

“ஓம்.”

பக்கத்தில் எரிந்துகொண்டிருந்த விளக்கை அவன் விரலால் நசுக்கி அணைத்தான். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அம்மா யோகம்மாவை அதன் பக்கத்தில்தான் படுக்கவைப்பாள். அப்பா பார்த்துக்கொள்ளுவார் என்பாள்.

வாசலில் சாவுக்குச் சீனவெடி கொளுத்தினார்கள். இரண்டு பேரும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள்.

“பொலிசுக்குச் சொல்லுவமே?”

“சொன்னா சனத்தைக் கலைச்சுப்போடுவாங்கள். பிரேதம் எடுக்க ஏலாது. நான் தோணியில கொண்டுபோய் ஆழத்தில விடுறன்.”

“மாமா விடமாட்டார். அம்மாட கையில அடிச்சுச் சத்தியம் பண்ணினவர்.”

குசினியில் அம்மியும் குழவியும் கிடந்தன. யோகம்மா அதற்குமேல் யோசிக்கவில்லை. குழவியைப் புதுச் சிவப்புத் துணியில் சுற்றி, அம்மா போடுவதுபோலவே முடிச்சுப் போட்டாள். மாமா வந்ததும் இரண்டு கையாலும் நீட்டினாள்.

“பழைய பட்டு எங்க, பிள்ளை?”

“அம்மா…” என்று அவள் அழத் தொடங்கினாள். அது பொய்யழுகை இல்லை.

பறை தூரப் போனபிறகு, யோகலிங்கம் பழைய பட்டோடு அதைத் தூக்கினான். ஆஸ்பத்திரியிலிருந்து முதல் பிள்ளையைக் கொண்டுவந்தபோதும் இப்படித்தான் மூச்சுவிடாமல் நடந்தான்.

“அப்பாவை மெல்ல விடுங்கோ,” என்றாள் யோகம்மா.

பெண்கள் வீடு கழுவினார்கள். “மருமோன் சுடலைக்குப் போகேல்லையோ?” என்று ஒருத்தி கேட்டாள். யோகம்மா விளக்குமாற்றை விடாமல் பிடித்துக்கொண்டு கூட்டினாள். சுடலை வழியில் வெடி கேட்கும்போதெல்லாம் அவள் கண் கடலுக்குத்தான் ஓடியது. ஒரு வெடி மற்றவற்றைவிடப் பலமாகக் கேட்டது. அவள் விளக்குமாற்றோடு வேலியடிக்கு ஓடினாள்.

பொழுதுபடும் நேரம் யோகலிங்கம் நனைந்த சாரத்தோடு வேலியடியில் வந்து நின்று ஓம் என்று தலையை மட்டும் அசைத்தான். அவள் மணலில் குந்திவிட்டாள்.

அடுத்த நாள் சுடலையில் சாம்பல் அள்ளி, காடாத்து முடித்து மாமா வந்தார். ஒரு கையில் அம்மாவின் சாம்பல் நிறைந்த மண்முட்டி, மறுகையில் கரி படிந்து வெடிப்பு விட்ட குழவி. அதைக் குசினி வாசலில் வைத்தார்.

“நான் சாம்பலுக்குள்ள இரும்பைத் தேடினனான்,” என்றார். “என்ன வேலை பிள்ளை இது? செத்தவளை ஏமாத்தினியே!”

யோகலிங்கம்தான் தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னான். மாமா கேட்டுக்கொண்டே கதிரையைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். நேற்று நெருப்புக்கு ஆகக் கிட்ட நின்றவர் அவர். பக்கத்தில் நின்றவர்கள் அவர் பேரப்பிள்ளைகள்.

பிறகு கேட்டார்: “எவடத்தில விட்டனீங்கள்?”

யோகலிங்கம் கடலைக் காட்டினான்.

“அப்ப இவவையும் அதிலயே விடுவம்.”

முட்டியை மடியில் வைத்துக்கொண்டு மாமா தோணியில் இருந்தார். ஊரார் சாம்பல் கரைக்கும் பாறையைத் தாண்டியும் யோகலிங்கம் துடுப்பு வலித்துக்கொண்டே போனான். தோணி சிறுக்கும்வரை யோகம்மா கரையில் நின்றாள்.

திரும்பி வந்து, குழவியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். ஒரு வாளி தண்ணீர் அள்ளினாள். பொச்சை எடுத்து, மெல்லத் தேய்த்துத் தேய்த்து, குளிப்பாட்டினாள்.