மருந்து குடுத்தியா?

களக்காட்டில் வண்டிச் சக்கரம் ஏறி அழுகிப்போன மந்திரமூர்த்தியின் காலை, திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். மறுநாள் விடிந்ததும் அவன் அலறிய அலறலைப் பெண்டாட்டி செல்லக்கிளியால் தாங்க முடியவில்லை. முந்தியில் முடிந்திருந்த அபினியைத் தேனில் குழைத்து ஊட்டிவிட்டாள். பச்சைப் பிள்ளைக்கே கிள்ளிக் கொடுக்கிற சாமான்தானே.

கொஞ்ச நேரத்தில் கட்டுக்கட்டும் வேதநாயகம் வந்தார். கையில் ஊசியும் ஒரு புட்டியும்.

“ரெண்டையும் சேத்துக் குடுத்தாத்தான் வலி அடங்கும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நீ இவருக்கு மருந்து ஏதும் குடுத்தியாம்மா?”

பக்கத்தில் நின்ற நாத்தனார் சந்தனமாரி சட்டென்று நிமிர்ந்தாள். தம்பி தன் சொல் கேட்காததற்கு இவள் சோற்றில் வைத்த மருந்துதான் காரணம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிபவள். புருஷனை மயக்குவதற்கும் வலியைத் தீர்ப்பதற்கும் பாழாய்ப்போன ஒரே சொல்தானே இருக்கிறது.

“நான் எதுக்கு மருந்து குடுக்கணும்? எங்க வம்சத்துலயே அந்தப் பழக்கம் கெடையாது,” என்றாள் செல்லக்கிளி.

ஊசி போட்டாயிற்று. புட்டி மருந்தும் உள்ளே போயிற்று. அலறல் நின்றது.

“தம்பி தூங்குதான். பைய பேசு,” என்றாள் சந்தனமாரி.

செல்லக்கிளி அவன் நெஞ்சையே பார்த்தாள். ஏறிய மூச்சு இறங்க வெகுநேரம் பிடித்தது. சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் புருஷன் போவான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனாலும் அந்தப் பாவி மகள் யோசித்தாள். அவன் உதடு கறுத்த பிறகுதான் வேதநாயகத்திடம் ஓடினாள்.

“ஐயா, நான் மருந்து குடுத்தேன். அபினி குடுத்தேன்.”

“கேட்டியளா, அவ வாயாலேயே சொல்லிட்டா,” என்றாள் பின்னாலேயே வந்த சந்தனமாரி.

வேதநாயகம் சந்தனமாரியை ஒதுக்கித் தள்ளிவிட்டுக் கட்டிலுக்கு ஓடினார். டாக்டரும் வந்தார். கன்னத்தில் அறைந்தார்கள், விலாவை அமுக்கி அமுக்கி மூச்சை வரவழைத்தார்கள், கண் திறந்ததும் கடுங்காப்பி புகட்டினார்கள். மத்தியானத்துக்குப் பிறகே மூச்சு சீரானது.

“மூணும் சேந்து மூச்ச அமுக்கிட்டு,” என்றார் வேதநாயகம், செல்லக்கிளியின் முகத்தைப் பார்க்காமல். “நாளை வரைக்கும் இனி எதுவும் குடுக்க முடியாது. வலிச்சாலும் தாங்கத்தான் வேணும்.”

சாயங்காலம் வலி திரும்பியது. தம்பி துடிப்பதைப் பார்க்கமாட்டாமல் சந்தனமாரி வெளியே போய்விட்டாள். உன்னால்தான், உன்னால்தான் என்று செல்லக்கிளியின் மனசே அவளை அறுத்தது. அவன் அவளுடைய கையை நகம் பதியப் பற்றிக்கொண்டான்.

“கிளி, அவியகிட்டப் போயி ஏதாவது வாங்கியாயேன். நீ கேட்டாக் குடுப்பாவ.”

செல்லக்கிளி எழுந்திருக்கவில்லை.