சார்ஜ் கடை முதலாளி

என் புருஷன் குணரத்தினத்தின் வாய்க்கு எங்கள் தெருவே பயம். திருகோணமலை இறங்குதுறைக்குக் கிட்ட பற்றறி சார்ஜ் பண்ணும் கடை எங்களுடையது. சண்டையால் மூதூர்ப் பக்கம் கறண்ட் போய் வருஷக்கணக்காகிவிட்டது. அங்கிருந்து சனம் கார் பற்றறியை லோஞ்சுப் படகில் ஏற்றிக்கொண்டு வரும். சார்ஜ் ஏற்றிக்கொண்டு போனால்தான் வீட்டில் ஒரு லைட்டாவது எரியும்.

சார்ஜ் ஏறும்போது பற்றறியிலிருந்து ஒரு வாயு கிளம்பும். ஒரு பொறி பட்டால் போதும், வெடித்து அசிட் முகத்தில் அடிக்கும். அதனால்தான் நகரசபை ஆள் வந்து, எதிரெதிரே இரண்டு ஜன்னல், மண் வாளி, சுவரில் நெருப்புக்குத் தடை என்று சிவப்பெழுத்து, எல்லாம் பார்த்துவிட்டு அனுமதி தந்தார். “உங்கட கடைதான் ஒழுங்கு” என்று அவர் சொன்னதை இவர் போவோர் வருவோருக்கெல்லாம் சொல்லித் திரிந்தார்.

பிறகு எதிரே ஆமியின் காவலரண், சென்றி, வந்தது. தெருப்பக்க ஜன்னல் திறக்கக் கூடாது என்றார்கள். இவர் மறுபேச்சில்லாமல் ஆணி அடித்தார்.

“காத்துப் போக வழியில்லையே, என்ன செய்யப்போறியள்?” என்று கேட்டேன்.

“நீ உன்ர வேலையைப் பார்.”

அந்த எரிச்சலை வருகிற சனத்தில் காட்டினார். மூதூர் முத்தலிப் நாநா, வயது போன மனுஷன், வாசலில் நின்று பீடி பற்ற வைத்ததற்கு, அதைப் பறித்து வாய்க்காலில் எறிந்தார். “சாகிறதெண்டால் உங்கட வீட்டில போய்ச் சாவுங்கோ!” நாநா தலை குனிந்து நின்றார். எனக்குத்தான் கூசியது.

ஒரு வெள்ளிக்கிழமை வாங்குப் பலகை முழுக்கப் பற்றறி. மூடிகளைக் கழற்றி வைத்திருந்தோம், உள்ளே குமிழி விட்டுக்கொண்டிருந்தது. சென்றியிலிருந்து ஒரு ஆமிக்காரன் வந்தான். சின்னப் பெடியன், புதிதாய் வந்தவன். வாயில் சிகரெட். வாங்குக்கு மேல் குனிந்து குமிழியை வேடிக்கை பார்த்தான்.

இவர் அவனுக்குப் பக்கத்தில்தான் நின்றார். இப்போது சொல்வார், இப்போது சொல்வார் என்று பார்த்தேன். “தண்ணி எடுத்துக்கொண்டு வாறன்” என்று என்னிடம் முணுமுணுத்துவிட்டு வெறுங்கையோடு வெளியே போனார். தெருவைக் கடந்து, மதிலோரம் நின்று, இங்கே பார்த்தார். பாவி மனுஷன்! உள்ளே நான், மூலையில் பற்றறிக்குக் காத்திருந்த முத்தலிப் நாநா, நடுவில் நெருப்போடு அந்தப் பெடியன்.

“மாத்தையா, சிகரெட் வேண்டாம்! பற்றறி வெடிக்கும்!” என்று கத்திவிட்டேன்.

அவன் விறைத்துப்போனான். சிகரெட்டை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு பின்னாலேயே நடந்து வெளியே போய், தூர எறிந்து மிதித்துவிட்டுத் திரும்பி வந்தான்.

“ஏன் முன்னுக்குச் சொல்ல இல்ல? நான் செத்தா நல்லமா? முதலாளி எங்க?”

முதலாளி தெரிந்தும் சொல்லாமல் இவனை விட்டுவிட்டு ஓடினார் என்று நான் எப்படிச் சொல்வேன்? கொல்லப் பார்த்தான் என்று பிடித்துக்கொண்டு போவார்கள். அப்படிப் போனவர்கள் திரும்பி வராத காலம்.

“அவர் ஊரில இல்லை மாத்தையா. நான்தான் கடை பாக்கிறன்.”

“அப்ப அங்க நிக்கிறது யார்? இங்க இருந்துதானே போனது?”

“பற்றறி குடுக்க வந்த ஆள்.”

இவருக்குக் கேட்டது. கேட்டதை நான் கண்டேன். முன்னால் வந்து ஒரு சொல் சொல்லியிருக்கலாம், “நான்தான் முதலாளி, பயந்துபோனன் ஐயா” என்று. வரவில்லை. ஆமிக்காரன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மூலையிலிருந்து முத்தலிப் நாநா எழும்பினார். சார்ஜ் ஏறி முடிந்த தன்னுடைய பற்றறியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் இவரைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

“தம்பி, ஒங்கட பற்றறி முடிஞ்சுது. எடுத்துட்டுப் போங்க!”

எனக்கு உடம்பெல்லாம் குறுகிப்போயிற்று. இந்த மனுஷனையா அன்றைக்கு எல்லாருக்கும் முன்னால் இவர் அப்படி ஏச, நான் பார்த்துக்கொண்டிருந்தேன்?

இவர் தெருவைக் கடந்து வந்தார். நாநாவின் முகத்தைப் பார்க்காமல் பற்றறியை வாங்கினார். ஆமிக்காரன் பக்கத்திலேயே நின்றான்.

“வாறன் தங்கச்சி” என்றார் என்னைப் பார்த்து, என் மூன்று பிள்ளைகளின் தகப்பன்.